வெயில் பட்டால் நீலம்

எழிலைப் பற்றி எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள்: அறிவியலுக்கும் கவிதைக்கும் இடையே பாலம் கட்டும் கலைஞர். எங்கள் சிவகாசியில் பாலம் என்றால், ரயில்வே கேட்டில் இதோ வரும் அதோ வரும் என்று வருஷக்கணக்காக நாங்கள் காத்துக் கிடந்த சமாச்சாரம். அதனால் அந்த வாக்கியத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனாலும் வந்ததையெல்லாம் வெட்டி எடுத்து, மேஜை டிராயரில் ஜிஎஸ்டி ஃபைலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மொத்தம் பத்தொன்பது துண்டுகள்.

அவள் செய்வது இந்த மாதிரி. பெங்களூரில் ஒரு கண்ணாடிச் சுவரில் உப்புக் கரைசலால் கவிதை எழுதினாள். எழுதியபோது ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் வற்ற வற்ற ஒவ்வொரு எழுத்தாகப் படிகம் கட்டி, நாற்பது நாள் கழித்துத்தான் கவிதை முழுசாக வந்ததாம். பார்த்தவர்களே திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள் என்று போட்டிருந்தது. நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. போகாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

விருதுநகரில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தபோது லேபில் நானும் அவளும் ஒரே மேஜை. அவள் அச்சங்குளத்தில் பட்டாசு வேலை பார்த்த சின்னச்சாமியின் மகள். நான் மூன்று ஆப்செட் மிஷின் ஓடிய வீட்டின் ஒரே பையன், தாத்தா பெயரைச் சுமந்த சீனிவாசகம். படிப்பு முடிந்தும் இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் மதுரைக்குப் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொள்வது என்று அவள் முடிவெடுத்தாள், நான் தலையாட்டினேன். காலை பாசஞ்சருக்கு விருதுநகர் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாள். நான் போகவில்லை. அப்பாவுக்குப் பிரஷர், அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது, தாய்மாமா வேறு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காரணத்துக்கா பஞ்சம்? பயந்தேன், அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்து இருபத்திமூன்று வருஷம் ஆகிறது. எனக்கு ஸ்ரீமதி வந்தாள், என்னைவிட நல்லவள். பையன் தருண்குமார் கோயம்புத்தூரில் படிக்கிறான். எழில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேள்வி. அது என்னால்தான் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சில நாள் அப்படியும் நினைத்திருக்கிறேன்.

போன செப்டம்பரில் அவளே பிரஸ்ஸுக்கு வந்து நின்றாள். முடியில் பாதி நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. நான் அவசரமாக என் தலையைத் தடவிக்கொண்டேன். என் முடிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மை அடித்திருந்தேன்.

"நல்லா இருக்கீகளா? உங்க பேப்பர் ரூம்ல ஈரம் குறையாம வச்சிருக்கீகன்னு சொன்னாங்க. மூணு வாரத்துக்கு அந்த ரூம் எனக்கு வேணும்" என்றாள்.

எங்கள் ஊர்க் காற்று பட்டாசுக்குத்தான் நல்லது, பேப்பருக்கு ஆகாது. காய்ந்த காற்றில் தாள் சுருண்டுகொள்ளும், மிஷினில் ஏறாது. அதற்காகப் பேப்பர் ரூமில் மட்டும் ஒரு மிஷின் போட்டு, காற்றில் ஈரம் குறையாமல் வைத்திருப்போம். அந்த ஈரம்தான் அவளுக்கு வேண்டுமாம். கோபால்ட் குளோரைடு கரைசலைத் தூரிகையால் தொட்டுத் தாளில் எழுதப் போகிறாள். வெளியில் எழுதினால் பாதி எழுத்திலேயே தூரிகை காய்ந்துபோகிறதாம்.

"லேப்ல பாத்ததுதான். ஈரத்துல இளஞ்சிவப்பா இருக்கும், வெள்ளைத் தாளில கண்ணுக்கே தெரியாது. காஞ்சா நீலம்" என்றாள்.

"அப்ப எழுதுறப்பவும் தெரியாதுல்ல?"

"தெரியாது. கை ஞாபகத்துலதான் எழுதணும்."

"பாக்க வாறவுக எப்படிப் படிப்பாக?"

"கொச்சியில கண்காட்சிக்குன்னே காஞ்ச காத்து ஓடுற ரூம் போடுறாங்க. தள்ளி நின்னா முழுசாத் தெரியும். ஆசைப்பட்டு ரொம்பக் கிட்டப் போய்க் குனிஞ்சா, மூச்சுக்காத்து பட்டு எழுத்து மறைஞ்சிரும்."

இதை அவள் சுவரில் ஈரம் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கென்று சொன்னதாக நானாக எடுத்துக்கொண்டேன்.

மொத்தம் முப்பத்திரண்டு தாள். தாளுக்கு ஒரு கவிதை. தினமும் பத்து மணிக்கு வருவாள், ஐந்து மணிக்குப் போவாள். எங்கள் மிஷின்மேன் காமராஜோடு டீ குடிப்பாள், அவன் மகளின் பிளஸ் டூ மார்க்கைப் பற்றி விசாரிப்பாள். நான் போனால் ஈரம் எத்தனை, கரண்ட் எப்போது போகும் என்று மட்டும் பேசுவாள். நான் அவளை 'நீ' என்று சொல்லவும் வாய் வராமல், 'நீங்க' என்று சொல்லவும் மனசு வராமல், ஆளே இல்லாத வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தேன். "டீ குடிச்சாச்சா?" "கரண்ட் வந்திருச்சா?" சொந்த பிரஸ்ஸிலேயே புதுமாப்பிள்ளை மாதிரி ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அந்த முப்பத்திரண்டில் ஒன்றாவது என்னைப் பற்றி இருக்கிறதா? புகழ்ந்திருக்க வேண்டாம். கோழை என்று எழுதியிருந்தாலும் போதும். எங்கேயோ எந்த ஊர்ச் சுவரிலோ, இருந்தும் இல்லாத மாதிரி, ஒரு தாளில் நான் இருந்துவிட்டால் போதும் என்று இருந்தது. பசி மாதிரி அது. மூன்று வாரமும் அந்தப் பசியோடுதான் ஆர்டர் எடுத்தேன், புரூஃப் பார்த்தேன், ஸ்ரீமதி வைத்த சோற்றைச் சாப்பிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எழுதி முடித்தாள். தாள்களை மேல் ராக்கில் அடுக்கி, மேலே ஒரு அட்டையை வைத்தாள். "பூஜைக்கு அம்மாகிட்ட அச்சங்குளம் போறேன். சனிக்கிழமை வந்து பேக் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மத்தியானத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் பையன்கள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பேப்பர் ரூமுக்குள் போனேன். என் கட்டடம், என் ரூம், என் சாவி. ஆனாலும் பூனை நடை நடந்துதான் போனேன். மேல் ராக்கில் இருந்த அடுக்கிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவினால் மற்றது கலைந்துவிடும் என்று, மொத்தத்தையும் இறக்கிப் பக்கத்து மேஜையில் வைத்தேன். நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன்.

அக்டோபர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? தாளைச் சிமெண்டுத் தரையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தேன். வெறும் வெள்ளைத் தாளாகக் கிடந்தது. இரண்டு நிமிஷம் போயிருக்கும். இங்கே ஒரு கொம்பு, அங்கே ஒரு சுழி என்று நீலம் ஏற ஆரம்பித்தது. அவள் கையெழுத்தை இருபத்திமூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறேன். 'ழ'வின் வாலை அப்போது மாதிரியே இப்போதும் நீளமாக இழுத்திருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடல் நீர் மேலே போகும்போது
உப்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் போகிறது.
எதையும் சுமந்துகொண்டு
எழும்பி மேகமானவர் இல்லை.

நாலு தடவை படித்தேன். இதில் நான் எங்கே இருக்கிறேன்? இறக்கி வைத்த உப்பா? அப்படியென்றால் என்னைப் பற்றித்தானே? அல்லது வெறுமனே கடலைப் பற்றியா? இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று குனிந்தேன். மூச்சு பட்டு 'உப்பை' மங்கியது. பதறிப்போய் நிமிர்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீமதி போன். திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கினேனா, மிஷினுக்கு வைக்கிற சந்தனம் இருக்கிறதா, பொரி எத்தனை கிலோ? பதில் சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, தாளை மேஜையில் அந்த அடுக்கின் மேலேயே வைத்து அட்டையைப் போட்டேன். போனை வைத்ததும் ராக்கில் ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பூசணிக்காய்க்காரன் வந்து கூப்பிட்டான். நானும் போய்விட்டேன்.

அந்த மேஜை எது என்று சொல்லவில்லையே. அது வேஸ்ட் மேஜை. சிவகாசியில் எந்தப் பிரஸ்ஸிலும் அப்படி ஒன்று இருக்கும். கலர் சரியில்லாத தாள், கறைபட்ட தாள், ஈரம் பட்ட தாள் எல்லாம் அதில் வந்து சேரும். ஆயுத பூஜைக்குக் கழுவி விடுவதற்கு முன்னால் அதில் இருப்பது மொத்தமும் பழைய பேப்பர் வியாபாரியின் வண்டியில் ஏறிவிடும். இந்த மேஜையில் இருந்தால் கேள்வியே கேட்காதே, ஏற்று என்று காமராஜுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

பூஜை முடிந்து, விஜயதசமியும் முடிந்து, வெள்ளிக்கிழமை காலையில் பேப்பர் ரூமைத் திறந்தேன். மேஜை பளிச்சென்று கழுவி, மூலைக்கு மூலை சந்தனப் பொட்டோடு இருந்தது.

"அதுல இருந்ததெல்லாம் எங்கலே?" என்றேன்.

"செவ்வாக்கிழமையே ஏத்திட்டோம், அண்ணாச்சி. நீங்கதான சொல்லுவீக" என்றான் காமராஜ்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். யாரிடம் போய்க் கத்துவது? பேப்பர் வியாபாரி பாண்டிக்குப் போன் போட்டேன். அந்த லோடு அன்றைக்கே விஸ்வநத்தத்துக்குப் போய்விட்டது என்றான். பட்டாசுக்குக் குழாய் உருட்டுகிறவர்களுக்கு. எங்கள் ஊரில் பழைய பேப்பருக்கு வேறு என்ன வேலை? கீற்றாக வெட்டிப் பசை தடவிக் கம்பியில் சுற்றி உருவினால் குழாய். அதில் மருந்து ஏற்றினால் வெடி.

எழிலுக்குச் சொல்லாமல் நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எப்படியாவது மீட்டுவிட்டால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும் என்று ஒரு நப்பாசை.

பாண்டி சொன்ன அய்யம்மாள் என்கிற அம்மாள் வீட்டு முன்னால் சிமெண்டுக் களம். அங்கே வெயிலில் விரல் தடிமனுக்குக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்தன. பழைய காலண்டர், பரீட்சை கைடு, கல்யாணப் பத்திரிகை என்று பல நிறக் குழாய்கள். ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளைக் குழாய்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். அவற்றில் நீல எழுத்துகள் ஏறியிருந்தன.

"மொதலாளி, இது என்ன கூத்து?" என்றாள் அய்யம்மாள். "சாமி படம் இருந்தா தனியா எடுத்து வச்சிருவேன். இது வெறும் வெள்ளைத் தாளால்ல இருந்துச்சு. வெட்டி உருட்டிக் காயப் போட்டா எழுத்து வருது. என்கூட உருட்டுற பாண்டிலட்சுமி பயந்துபோய் கம்பியப் போட்டுட்டு எந்திரிச்சுட்டா."

அப்போதே நான் எழிலைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. களத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயாக எடுத்து உருட்டி உருட்டிப் படிக்க ஆரம்பித்தேன். அவளுடைய மூன்று வார உழைப்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது, நான் அதற்குள் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆசை வெட்கம் அறியாது என்பது சும்மாவா? ஒன்றில் 'அம்மாவின் கை' என்று இருந்தது. ஒன்றில் 'கந்தக'. ஒரு குழாயில் 'ரயில்' என்று முழுசாகவே இருந்தது. நெஞ்சு ஒரு குதி குதித்தது. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று எழுபது எண்பது குழாய்களைப் புரட்டினேன். சேரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் போன் செய்தேன். என்ன நடந்தது என்று சொன்னேன். எப்படி நடந்தது என்று சொல்லவில்லை. "வாறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆட்டோவில் வந்து இறங்கினாள். களத்தைப் பார்த்தாள். முகம் ஒரு நொடி சுருங்கியது, அவ்வளவுதான். நேராக அய்யம்மாளிடம் போனாள்.

"இதுல எதுலயும் மருந்து ஏத்தியாச்சா, அக்கா?"

"இல்ல தாயி. நாளைக்குத்தான் லோடு போகும்."

"ஒரு குழாய்கூட வெளிய போகலியே?"

"ஒண்ணுகூடப் போகல."

எழில் மூச்சை விட்டாள். "இதுல நான் ஒரு உப்பு தடவியிருக்கேன். மருந்தோட சேந்தா என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. தெரியாத எதையும் மருந்துப் பக்கம் கொண்டு போகக்கூடாது. தொட்டி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நனைச்சிருவோம்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. "கொஞ்சம் பொறு எழில், எல்லாத்தையும் பிரிச்சு ஒட்டிப் பாக்கலாம். காமராஜைக் கூப்பிடுறேன், பையங்கள வரச் சொல்றேன்" என்றேன். என்னை அறியாமல் 'பொறு' என்று வந்துவிட்டது.

"ஒட்டுறதுக்குள்ள ரெண்டு குழாய் வேற கட்டுல கலந்து கம்பெனிக்குப் போயிருச்சுன்னா? எங்கப்பா இருபத்தெட்டு வருஷம் மருந்து ரூம்ல வேலை பாத்தும் முழுசா வீட்டுக்கு வந்தவரு. எப்படின்னு நெனைக்கீக?" என்றாள். 

அய்யம்மாளின் கூலி போகாது, நல்ல தாளாகவே அனுப்புகிறேன் என்று நான் சொன்னேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். எழில் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தாள். "தொட்டித் தண்ணிய செடிக்கு ஊத்திராதீக. கேன்ல பிடிச்சு நானே கொண்டு போயிருவேன்" என்றாள். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒரு ஜோடி நீட்டினாள்.

தொட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவள் பத்துப் பத்தாக அள்ளித் தண்ணீருக்குள் அமுக்கினாள். நீலம் ஊதாவாகி, இளஞ்சிவப்பாகி, ஒன்றுமில்லாமல் போனது. நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன். அதை அவள் கவனித்தாள்.

"வேஸ்ட் மேஜைக்கு எப்படிப் போச்சு?" என்றாள்.

பொய் சொல்லலாம். காமராஜ் மேல் போடலாம். "நான்தான் எறக்கி வச்சேன். ஒண்ணு எடுத்து மாடியில காயவச்சுப் படிச்சேன்."

"எதை?"

"மேகம்."

"அது நல்லா வந்திருந்துச்சு" என்றாள். இன்னொரு பத்தை அள்ளி அமுக்கினாள். "படிக்கணும்னா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

அது இன்னும் வலித்தது. கையில் 'ரயில்' குழாய் இருந்தது. இனி எப்போது கேட்பது? "இதுல எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சா?" என்றேன். குழாயை அவள் பக்கம் நீட்டினேன். "இது?"

வாங்கிப் பார்த்தாள். "இது எறும்பைப் பத்தினது" என்று தண்ணீரில் போட்டாள்.

அய்யம்மாள் வீட்டுக்குள் போயிருந்தாள். களத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். எழில் கையிலிருந்ததை அமுக்கிவிட்டு, முழங்கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"முப்பத்திமூணாவதா ஒண்ணு இருந்துச்சு. போன வாரமே எடுத்துட்டேன். கவிதையா நிக்கல."

"அதுல என்ன எழுதுன?"

"அன்னைக்கு ஸ்டேஷன்ல பாத்ததைத்தான். காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் வந்த வண்டி, போன வண்டி. ரெண்டு வரிக்கு மேல ஓடல. வராத ஆளை வச்சு எம்புட்டு எழுத முடியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புரூஃபில் தப்பைக் காட்டுகிற மாதிரி, வேலை தெரிந்த ஒருத்தி வேலையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். அடுத்து எடுத்த குழாயைப் படிக்காமலே தண்ணீரில் போட்டேன். அதற்கடுத்ததையும்.

எல்லாம் முடிய நாலு மணி ஆகிவிட்டது. எழில் கையுறையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"கொச்சிக்கு வண்டி பதினஞ்சாம் தேதிதான். முப்பத்திரெண்டும் மனசுல இருக்கு, எழுதிருவேன். ரூம் இன்னும் பத்து நாளைக்குக் கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

எனக்காக ஒரு வரிகூட இல்லை என்று அவள் வாயாலேயே கேட்டாகிவிட்டது. அவள் மூன்று வாரத்தைத் தொட்டியில் கரைத்தவனும் நான்தான். நியாயமாக அழுதிருக்க வேண்டும். ஆனால் கேனைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது, நாளைக் காலை பத்து மணிக்கு அவள் மறுபடி வருவாள் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. வெட்கம் இல்லாமல், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.